விருந்துக்கு என்ன உடுத்துவது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி என்னிடம் கொடுத்தது ஆறு கறுப்புப் பேண்ட்டுகள். முப்பத்திரண்டிலிருந்து நாற்பத்திரண்டு வரைக்கும் இடுப்பளவு எழுதிய சின்னத் துணித்துண்டுகளை அவற்றின் உள்பக்கம் வைத்துத் தைக்கவேண்டும். டூர் ஆபீஸ் வேலை என்று வந்தவளிடம் ஊசியும் நூலும் கொடுத்தால் எப்படி இருக்கும்? எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருந்தார், ஒரு சம்பளம் போதவில்லை. தைத்துக் கொடுத்தேன். முதலாளி ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நூலு வெளிய தெரியலீங்க. நல்லாருக்குது" என்றார்.

நாமக்கல்லில் பரமத்தி ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். அவர், நான், டிக்கெட் போட ஒரு ஆள், அவ்வளவுதான். கோயில் சுற்றுலாவெல்லாம் மற்றவர்கள் செய்தார்கள். இவருடையது கப்பல். சென்னையில் ஏறி, இலங்கையில் இரண்டு துறைமுகங்களைப் பார்த்துவிட்டு, கடலில் ஒரு முழு நாள் வந்து மறுபடி சென்னையில் இறங்குகிற கப்பல். டயர் கம்பெனிக்காரர்கள், கோழித்தீவனக் கம்பெனிக்காரர்கள் நன்றாக விற்றுக் கொடுத்த டீலர்களை அதில் அனுப்புவார்கள். அவர்களைப் பார்த்து ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் சொந்தக் காசில் குடும்பத்தோடு வருவார்கள். பெண்களும் வருவதால் துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்றுதான் என்னை எடுத்திருந்தார்.

அந்தப் பேண்ட்டுகள் அவருக்கு அல்ல. கப்பலில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டு, மூடின ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நம் ஆட்கள் செருப்போடும் அரைக்கை சட்டையோடும் வந்து கதவருகே நிற்பார்கள். அதற்காக ஒரு பெரிய பெட்டி வைத்திருந்தார். ஆறு பேண்ட்டு, ஐந்து கோட்டு, நான்கு ஜோடி ஷூ, முடிச்சுப் போட்டே வைத்த டைகள், ஒரு டப்பா நிறைய ஊக்கு. சேலத்தில் மாப்பிள்ளைக் கோட்டு வாடகைக்கு விடுகிற கடையில் பழசாகிப்போனவற்றை வாங்கி வந்தவை அந்தக் கோட்டுகள். அவற்றில் இரண்டுக்குக் காலரில் ஜிகினா வேலை இருந்தது. ஐம்பது வயது முட்டைப் பண்ணைக்காரர் அதைப் போட்டுக்கொண்டு வெட்கத்தோடு நடந்து வருவார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

"யாரும் கூசிப்போயி நிக்கக் கூடாதுங்க" என்பார். முதலாளி இதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார்.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுவார். மைக் வைத்துக்கொள்ள மாட்டார். நீச்சல் குளத்தில் சேலையோடு இறங்கக் கூடாது. சாய்வு நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போகக் கூடாது. எடுத்துப் போட்டுக்கொள்கிற இடத்தில் ஒரே தடவையில் தட்டை நிரப்பக் கூடாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். ஊறுகாய் பாட்டிலை ரூமில் வைத்துக்கொள்ளலாம், விருந்து மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. பரிமாறுகிறவரைச் சொடக்குப் போட்டுக் கூப்பிடவே கூடாது.

டிப்ஸ் விஷயத்துக்கு வரும்போது எழுந்து நின்றுகொள்வார்.

"ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு கப்பல்காரங்களே பில்லுல சேத்திருவாங்க. அது போக, ரூம் சுத்தம் பண்றவருக்குக் குடுக்கோணும்னு தோணுனா, ஒரு கவர்ல போட்டு, அவரு பேரைச் சொல்லி, கையில குடுங்க. சட்டைப் பையில சொருகாதீங்க. அவரு என்ன உண்டியலுங்களா?"

ஒரு தடவை நம் ஆள் ஒருவர், லாரி உதிரிபாகம் விற்கிறவர், கப்பல் கவுண்டருக்குப் போய் அந்த டிப்ஸ் தொகையைப் பில்லிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். கேட்டால் எடுத்துவிடுவார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். "என்ர துண்டை நானே மடிச்சுக்குவேனுங்க, எதுக்கு அவனுக்குத் தண்டம்?" என்று எங்களிடமே பெருமையாகச் சொன்னார். அவர் போனதும் இவர் கவுண்டருக்குப் போய் அதைத் தன் பில்லில் சேர்க்கச் சொன்னார். மறுநாள் காலையில் அந்த ரூமில் துண்டை யானை மாதிரி மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார்கள். உதிரிபாகக்காரர் அதைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார்.

வேட்டிக்கு அவரிடம் ஒரு கடிதம் இருந்தது. கப்பல் கம்பெனிக்கு எழுதி, அவரவர் நாட்டு உடையில் விருந்துக்கு வரலாம் என்று பதில் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். பட்டு வேட்டியோடு வந்த ஒரு ரிக் முதலாளியைக் கதவருகே நிறுத்தியபோது அதை எடுத்துக் காட்டினார். உள்ளே விட்டார்கள். ரிக் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என் பக்கம் குனிந்து, "ஏனம்மிணி, வேட்டி கட்டறதுக்கு லெட்டரு வேணுமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது சிரிக்கிற விஷயமே இல்லை.

இன்னொரு பயணத்தில் ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் வெள்ளை உடுத்தி மேல்தளத்துக்கு வரவேண்டும் என்று கப்பலில் வைத்திருந்தார்கள். பந்திக்கூடத்தில் இதைச் சொன்னதும் பெண்கள் பக்கம் சத்தம் கிளம்பியது. "கட்டுன புருஷன் கல்லாட்டம் பக்கத்துல நிக்கறப்ப வெள்ளை கட்டச் சொல்றீங்களே, நல்லாருக்குதுங்களா?" என்று ஒருவர் எழுந்தே விட்டார். இவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு குமாரபாளையத்தில் கேரளாவுக்கு நெய்து அனுப்புகிற ஒருவரிடம் போய், தங்கக் கரை வைத்த சேலையாக ஆளுக்கு ஒன்று எடுத்து வந்தார். கரை இருக்கிறது, அது வெள்ளைச் சேலை ஆகாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஜலகண்டாபுரத்து அம்மா ஒருவர் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. எழுபது வயதுக்கு மேல், மகனோடு வந்திருந்தார். "எனக்கெதுக்கு சாமி? நான் கட்டறதே அதுதானே" என்றார்.

அன்று மேல்தளத்தில் கப்பல் போட்டோக்காரர் அந்த அம்மாவைத்தான் அதிகம் படம் எடுத்தார். மறுநாள் காலை டீ குடிக்கும்போது அந்த அம்மா இவரிடம், "முப்பது வருசத்துல ஒரு நாளு அத்தனை பேரும் என்னாட்டம் இருந்தாங்க சாமி" என்றார். இவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கைப்பிடிக் கம்பியருகே நின்றுகொண்டார்.

ஏன் இந்த மனிதர் இப்படி இருக்கிறார் என்று நான் கேட்டதில்லை. அவராகவும் சொன்னதில்லை.

அவருடைய மனைவி ஒரு பயணத்துக்கும் வந்ததில்லை. அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். நெஞ்சு வால்வில் கோளாறு, கோயமுத்தூரில் ஒரு ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆனால் கப்பலில் போகக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஒரு நாள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டேன், "நீங்க ஒரு தடவை வரலாமில்லைங்க்கா?" என்று. அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "நான் வந்தா அவரு என்னையவே பாத்துக்கிட்டு இருப்பாரு. எந்தக் கரண்டிய எடுக்கறேன், எப்படி நடக்கறேன்னு. மத்தவங்களைப் பாக்க வேண்டாமா பாவம்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்போடு சேர்ந்து சிரிக்க வரவில்லை.

நான் சேர்ந்து ஆறாவது வருடம், இருபத்தாறு பேரோடு போன பயணம் அது. இலங்கையை விட்டுக் கிளம்பி ஒரு இரவு ஆகியிருந்தது. கடலில் இருக்கிற முழு நாள். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சென்னை. அன்று சாயங்காலம் கோட்டுப் போட்டுக்கொள்கிற கடைசி விருந்து. கப்பலில் இண்டர்நெட் விலை அதிகம் என்பதால் அவசரத்துக்கு என் போனில் மட்டும் வாங்கியிருந்தோம். நாலு மணிக்கு அது அடித்தது.

அக்காவின் அண்ணன். "அம்மிணி, மாப்பிள்ளை பக்கத்துல இருக்கறாரா? காத்தாலிருந்து அவரு போனு கெடைக்கவே இல்ல. ஆபீஸ்ல கேட்டு உன்ர நம்பரை வாங்குனேன்" என்றார். பிறகு குரல் மாறியது. "பத்து மணிக்குத் தங்கச்சி மாரு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. மாப்பிள்ளைகிட்டக் குடு."

நான் போனைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். இரண்டு மாடி இறங்குவதற்குள் பேச்சு அறுந்துவிட்டது. அவர் தன் அறையில் கோட்டுகளுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். எந்த வார்த்தைகளில் சொன்னேன் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. அவர் பிரஷைக் கீழே வைக்கவில்லை. அதைக் கையில் வைத்தபடியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒரு போன் போட்டுத் தரட்டுங்களா?"

"வேண்டாங்க. இப்பப் பேசுனா என்னால எந்திரிக்க முடியாது."

அதற்குள் போனில் எழுத்தாகச் செய்தி வந்தது. கூறைச்சேலை எங்கே இருக்கிறது, பீரோவில் இல்லை, கேட்டுச் சொல்லு. சுமங்கலியாகப் போகிறவருக்குக் கல்யாணத்தில் கட்டிய கூறைச்சேலையைச் சாத்தித்தான் அனுப்புவார்கள். நான் படித்துக் காட்டினேன்.

"தெரியலீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "அது என்ன கலருங்க?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கு அந்தக் கப்பலில் இருந்த பதினாலு ஆண்களின் இடுப்பளவும் தெரியும்.

"புதுசு ஒண்ணு எடுத்துரச் சொல்லுங்க" என்றார். நான் அப்படியே எழுதி அனுப்பினேன். நாளைக்கு மூணு மணிக்குள் வந்துவிடுவார் என்பதையும் எழுதினேன். பிறகு அவர், "யாருகிட்டயும் சொல்லீறாதீங்க. சொன்னா ஒருத்தரும் சாப்புட மாட்டாங்க. எழவூட்டுக்கு வந்தாப்புல என்னையச் சுத்தி நிப்பாங்க. நின்னாலும் கப்பலு காலைலதாங்க போவும்" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நடைபாதையில் நின்றேன். உள்ளே சத்தம் ஏதும் கேட்கவில்லை. ஆறரை மணிக்குக் கதவு திறந்தது. முகச்சவரம் செய்து, டை கட்டி, கோட்டுப் போட்டிருந்தார். பெட்டியை இழுத்துக்கொண்டு போய் யார் யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக் கொடுத்தார். ஒருவருக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியவில்லை. குனிந்து கட்டிவிட்டார்.

விருந்து மேசையில் கத்தியும் முள்கரண்டியும் வரிசையாக இருக்கும். எதை எப்போது எடுப்பது என்று தெரியாதவர்கள் அவரைப் பார்த்து எடுப்பார்கள். அவர் எடுத்தால் எல்லாரும் எடுப்பார்கள், அவர் வைத்தால் வைத்துவிடுவார்கள். அன்றும் அப்படித்தான் நடந்தது. போட்டோக்காரர் வந்தார். எல்லாரும் எழுந்து முதலாளியை நடுவில் நிறுத்தினார்கள். சிரிக்கச் சொன்னார். சிரித்தார்.

காலையில் துறைமுகத்தில் பெட்டிகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் எல்லாரிடமும் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு டாக்சியில் தனியாகக் கிளம்பினார். நான் மற்றவர்களோடு பஸ்ஸில் வந்தேன். வரும் வழியில் யாரோ, யாரென்று இன்றுவரை தெரியாது, அந்தப் போட்டோவைப் போனில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டிருந்தார்கள். நாங்கள் ஆத்தூர் தாண்டுவதற்குள் அது நாமக்கல்லுக்குப் போய்விட்டது.

நான் அவர் வீட்டுக்குப் போனபோது மணி ஆறு. எடுத்துவிட்டார்கள். ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒரே மகள், கோயமுத்தூரில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தவள், என் முன்னால் வந்து நின்று போனை நீட்டினாள். அந்தப் போட்டோ.

"அக்கா, இது எடுக்கறப்ப அப்பாவுக்குத் தெரியுமுங்களா?"

சுற்றி இருந்த எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"தெரியாது சாமி" என்றேன். "நான் சொல்லலை. காலைலதான் சொன்னேன்."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது.

அக்காவின் அண்ணன் எழுந்தார். "அப்ப புதுச்சேலை எடுங்கன்னு சொன்னது ஆரு?"

"நானாத்தானுங்க."

"என்ர தங்கச்சிக்கு என்ன சாத்தோணும்னு முடிவு பண்ண நீ ஆரு?"

பெண்கள் பக்கத்திலிருந்து வேறு பேச்சுகளும் வந்தன. கப்பலில் கூடவே இருந்தவள் அவருக்கு எதற்காக மறைத்தாள் என்று கேட்டால் அதற்குப் பல பதில்கள் கிடைக்கும். எல்லாவற்றையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நாற்காலியில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தலையைத் தூக்கவில்லை.

கூறைச்சேலை பிறகு கிடைத்ததாம். அக்கா அதைப் பூச்சி அரிக்காமல் இருக்க வேட்டியில் சுற்றி அண்ணன் வீட்டிலேயே வைத்திருந்தாராம். அரக்கு நிறம் என்று சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் அலுவலகத்துக்கு வந்தார். என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "அன்னைக்கு நீங்க சொன்னதுங்க…" என்றார். "இருக்கட்டுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடையில் தெரிந்தவர்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தியபோதும் ஒன்றும் வரவில்லை. என் கணவர்தான் கேட்டார், "நீ ஏன் தலையக் குடுத்தே?" என்று. நாலு மாதம் கழித்துச் சங்ககிரிப் பக்கம் ஒரு பட்டறையில் கணவருக்கு நல்ல வேலை கிடைத்தது. நாங்கள் சேலத்துக்கு வீடு மாற்றிக்கொண்டு வந்துவிட்டோம். நான் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட ஆரம்பித்தேன்.

மூன்று வருடம் அவரைப் பற்றி எந்தச் சேதியும் இல்லை. போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவருடைய மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். படிப்பு முடித்து கோயமுத்தூரிலேயே வேலையில் இருப்பதாகச் சொன்னாள். இளைத்திருந்தாள். காபி கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா நேத்து போன் பண்ணுனாருங்க்கா. 'அன்னைக்கு நாலு மணிக்கே எனக்குத் தெரியும் சாமி. புதுச்சேலை எடுக்கச் சொன்னதும் நாந்தான். அந்த அக்கா மேல ஒரு தப்பும் இல்ல'ன்னு சொன்னாரு. நான் ஒண்ணும் கேக்கறதுக்குள்ள வெச்சுட்டாரு. நெசமுங்களா?"

"நெசந்தான் சாமி."

"தெரிஞ்சும் போயிச் சாப்புட்டாருங்களா?"

"சாப்புட்டாரு."

"என்ன சாப்புட்டாரு?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தக்காளி சூப். ரொட்டியும் வெண்ணெயும். இலை போட்ட ஒரு சாலட். காளான் போட்ட சாதம். கடைசியில் சூடான கேக்கும் அதன்மேல் ஐஸ்கிரீமும். எல்லாரும் அவரைப் பார்த்துத்தான் சாப்பிட்டார்கள் என்பதையும், அவர் நிறுத்தியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள் என்பதையும் சொன்னேன்.

"எல்லாத்தையுமா?"

"தட்டுல ஒண்ணும் மீதி வெக்கல."

"அப்பாவுக்குச் சக்கரை இருக்குதுங்க்கா" என்றாள். "அம்மா அவருக்கு ஒரு வாழப்பழம்கூடத் தர மாட்டாங்க."

காபி ஆறி ஏடு படிந்துவிட்டது. சூடு பண்ணித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று அப்படியே குடித்தாள்.

"அந்த போட்டோவப் பாத்ததுல இருந்து அவரு முன்னால உக்காந்து எனக்குச் சோறு எறங்கலீங்க்கா. அவருக்குத் தெரியாதுன்னு நீங்க சொன்னத நம்பத்தான் செஞ்சேன். நம்பியும் எறங்கல. மூணு வருசமா லீவுக்குப் போனாக்கூட ரூமுக்குத் தட்டை எடுத்துட்டுப் போயிருவேன். அவரும் கூப்புட மாட்டாரு."

"அன்னைக்குக் கப்பல்ல அழுதாருங்களா?" என்று கேட்டாள்.

"கதவு சாத்தியிருந்துச்சு சாமி. எனக்குத் தெரியாது" என்றேன். இந்த முறை அது உண்மை.

புதுப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். கோயமுத்தூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் இடம் இருக்கிறது என்று கூவிக்கொண்டிருந்தார். அவள் அதைத் தாண்டி நடந்துபோய் நாமக்கல் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மணி பதினொன்றரை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். சண்டை போடப் போகிறாளா, சாப்பிடப் போகிறாளா என்று நான் கேட்கவில்லை.